நாம் செய்த கத்தி

கத்தி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிக்கும் வழக்கம் நம்மவர் வீடுகளில் இப்பொழுது ஏற்பட்டுவிட்டது. அதற்குக் காரணமும் இல்லாமலில்லை. பத்திரிகையில் பாராங் கத்தி, கைகலப்பு, கைது என்று ஏதேனும் கண்ணிற் பட்டால், உள்ளே நம்மின இளைஞர் பெயர் இருக்கின்றதா என்று முதலில் தேடுகின்றோம். இல்லையெனில் பெருமூச்சு விடுகின்றோம். ஆகவே, சென்ற ஆண்டு சுங்கைப் பட்டாணியிலுள்ள நமது வீட்டின் பின்புறத்தில் நாம் கரியடுப்பு மூட்டி இரும்பைக் காய்ச்சத் தொடங்கியபொழுது, அடுத்த வீட்டு அம்மையார் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன சார், கத்தியா செய்றீங்க?" என்று கேட்ட குரலில் இருந்த நடுக்கத்தை நாம் தவறாகக் கொள்ளவில்லை. "அம்மாவுக்கு வெங்காயம் நறுக்க ஒரு கத்தி" என்றோம். அவர் நம்பினாரோ இல்லையோ அறியோம். அன்றுமுதல் ஒரு மாத காலம் தம் பேரப்பிள்ளைகளை வேலியோரம் விளையாட விடவில்லை.

உண்மையில் அது வெங்காயம் நறுக்கும் கத்திதான். நமது தாயாருக்கு வயது 84. அவர் 31 ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். விடியற்காலையில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்தின் பட்டையை ஒரு நூல் அகலத்திற்குச் சீவிச் சீவி, உள்ளேயிருக்கும் மரத்தைக் காயப்படுத்தாமல் பாலை மட்டும் வரவழைத்த கைகள் அவை. இன்று அந்தக் கைகளின் கணுக்கள் வீங்கிக் கிடக்கின்றன. கடையில் வாங்கிய பளபளப்பான கத்தி எதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "இது வெட்டவில்லை, நசுக்குகிறது" என்பார். நாம் பல காலம் அதைக் கிழவியின் முணுமுணுப்பு என்றே எண்ணியிருந்தோம். ஒருநாள் அடுக்களையில் நின்று பார்த்தபொழுதுதான் விஷயம் விளங்கிற்று. மழுங்கிய கத்திக்கு வலிமை வேண்டும். வலிமை செலுத்தும்பொழுது விரற்கணு நோகின்றது. நோவைப் பொறுக்க முடியாமல் அவர் பாதியிற் கத்தியை வைத்துவிட்டு, கையை மடியில் ஒளித்துக்கொள்கின்றார்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் அவரிடம் ஒரு கத்தி இருந்தது. தோட்டத்துக் கொல்லுப் பட்டறையில் செய்தது. கறுத்த அலகு, கொய்யா மரத்துப் பிடி. நாம் பிறப்பதற்கு முன்பே வாங்கியது என்பார். 1996-ஆம் ஆண்டு தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். லயத்து வீட்டைக் காலி செய்யக் கொடுத்த நாளில், சாமான்களை லோரியில் ஏற்றிய அவசரத்தில், அக்கத்தி எங்கோ தவறிப்போயிற்று. அம்மி போயிற்று, தகரப் பெட்டியொன்று போயிற்று. அவற்றைப்பற்றி அவர் பேசியதேயில்லை. கத்தியைப்பற்றி மட்டும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கின்றார்.

நாம் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 36 ஆண்டுகள் பேனா பிடித்து ஓய்வு பெற்றவர். இரும்பைப்பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பத்து வயதில் அந்தக் கொல்லுப் பட்டறையின் வாசலில் நின்று பார்த்தது ஒன்றே. அதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

பட்டறை, ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பட்டப் பகலிலும் உள்ளே இருட்டாயிருக்கும். மண்வெட்டிக்கு வாய் கட்டுவது, பாராங்கு அடிப்பது, புல் வெட்டும் கத்தியைத் தீட்டுவது யாவும் அங்கேதான் நடைபெறும். துருத்தி மூச்சுவிடும் ஓசையும், காய்ந்த இரும்பின்மேல் சம்மட்டி விழும் ஓசையும் பள்ளிக்கூடம் விட்டு வரும் நம்மை இழுக்கும். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கொல்லர் இரும்பை நெருப்பிலிருந்து எடுப்பதும், அது அந்திச் சூரியனைப்போல் இருப்பதும், அதைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தும்பொழுது சீறி ஆவி எழுவதும் அற்புதமாயிருக்கும். ஆனால் அமிழ்த்திய உடனே அவர் நமக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். அதற்குப்பின் நடந்தவற்றை நாம் ஒருநாளும் கண்டதில்லை.

1973-ஆம் ஆண்டில் ஒருநாள், துணிவு கொண்டு, "எனக்கும் கற்றுத் தருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டோம். அவர் சம்மட்டியை வைத்துவிட்டு நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "இது உங்கள் ஆட்கள் தொடுகிற தொழில் இல்லையடா. இரும்பு எங்கள் கைக்குத்தான் அடங்கும். போ, போய் உன் அம்மாவுக்கு வாளி தூக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துப் போ என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். அவர் நமது வீட்டு வாசலில் நின்று பேசுவார், சிரிப்பார். ஆனால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. கடல் கடந்து வந்து, ஒரே கம்பெனியிடம் கூலி வாங்கி, ஒரே பிரட்டுக் களத்தில் நின்றவர்களுக்குள்ளும் இவ்வளவும் இருந்தது.

ஓய்வு பெற்ற இரண்டாம் மாதத்தில் பின்புறக் கொட்டகையைக் காலி செய்தோம். பத்தடிக்கு எட்டடி இடம். பழைய இரும்புக் கடையில் தண்டவாளத் துண்டு ஒன்று கிடைத்தது. அதுவே நமது பட்டறைக்கல். லோரிச் சக்கரத்தின் பழைய பிரேக் வட்டை ஒன்று அடுப்பாயிற்று. துருத்திக்குப் பதிலாக, மகள் விட்டுச்சென்ற, தலைமயிர் உலர்த்தும் கருவியை ஒரு குழாயில் பொருத்தினோம். இதைக் கண்டு நகைத்தவர் பலர். ஆயினும் காற்று காற்றுதானே. கரிக்குத் தைப்பிங்கிற்கு அப்பால் கோலா செப்பத்தாங் பக்கத்திலிருந்து வரும் சதுப்புநில மரக்கரி. அது கனமானது, நின்று எரிவது.

இனி இரும்பு. எந்த இரும்பும் கத்தியாகிவிடாது என்பதை நேயர்கள் அறிதல் நலம். கட்டடக் கம்பியையும் ஆணியையும் எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கூர் நிற்காது. இரும்போடு கலந்திருக்கும் கரியின் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது. ஆணியில் நூற்றுக்குக் கால் பங்கும் இராது. லோரியின் சுமையைத் தாங்கி வளைந்து நிமிரும் ஸ்பிரிங் பட்டையில் நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்கு உண்டு. அரத்தில் அதனினும் மிகுதி. இந்த அற்பக் கரி செய்யும் வேலை பெரிது. இரும்பு நன்கு பழுக்கும்பொழுது கரி அதனுட் கரைந்து பரவுகின்றது. சட்டென்று குளிரவைத்தால், வெளியேற வழியின்றி உள்ளே சிக்கிக்கொள்கின்றது. அந்த நெருக்கமே கடினம். ஆனால் அந்நிலையில் இரும்பு கண்ணாடிபோல் உடையவும் செய்யும். ஆதலால் மறுபடியும் இளஞ்சூடு கொடுத்து, அந்த நெருக்கத்தைச் சிறிது தளர்த்தவேண்டும். முதற் செயலைத் தோய்ச்சல் என்றும், இரண்டாவதைப் பதம் என்றும் நம் கொல்லர்கள் சொல்வர். இவ்விரண்டாவதைத்தான் அவர் முதுகுக்குப் பின்னால் செய்திருக்கின்றார். ஆனால் இதெல்லாம் பின்னால் அறிந்தது.

ஸ்பிரிங் பட்டை ஒன்று பதினைந்து வெள்ளிக்குக் கிடைத்தது. ஏழு மில்லிமீட்டர் கனம். அதைச் செந்நிறமாகக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து, ஓர் இரவு முழுதும் மெல்ல ஆறவிட்டால் அரம் ஏறும் அளவிற்கு மெத்தென்று ஆகும். பிறகு மீண்டும் காய்ச்சி அடித்து, முதுகுப் பக்கம் நான்கு மில்லிமீட்டராகத் தட்டினோம். தட்டினோம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பேனா பிடித்த கையில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, மீண்டும் கிளம்பியது. இரும்பு செந்நிறமாயிருக்கும்பொழுது மட்டும் அடிக்கவேண்டும். கறுத்தபின் அடித்தால் பிளக்கும். அந்தச் சில நொடிகளுக்குள் எங்கே அடிப்பது என்று தீர்மானிக்கத் தெரியாமல், குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு விழித்து நின்று, அது கறுத்தபின் நெருப்பில் மீண்டும் செருகியதே மிகுதி.

அரம் போடும் வேலையைப்பற்றி எவ்வளவு வேண்டுமாயினும் எழுதலாம். எந்திரச் சாணை வாங்கியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். வேண்டாமென்று விட்டோம், ஓசைக்கு அஞ்சியும், காசுக்கு அஞ்சியும்தான், வேறு இலட்சியம் எதுவுமில்லை. அலகை ஒரு பலகையில் இறுக்கிக் கட்டி, அரத்தை முன்னோக்கித் தள்ளும்பொழுது மட்டும் அழுத்தி, பின்னோக்கி வரும்பொழுது தூக்கிவிடவேண்டும். முதலில் இரண்டு வழியும் தேய்த்து ஓர் அரத்தைப் பாழாக்கினோம். பிறகு கை தானே கற்றுக்கொண்டது. முதுகிலிருந்து விளிம்புக்குச் சாய்வு இறங்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு நேராக ஓடவேண்டும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் மனத்தில் வேறொன்றும் ஓடாது. கணக்குப் பிரிவில் இருந்த 36 ஆண்டுகளில் இப்படி ஒரு மணி நேரம் நமக்கு வாய்த்ததாக நினைவில்லை. விளிம்பை முழுதும் கூராக்காமல் ஒரு மில்லிமீட்டர் கனம் விட்டுவைக்கவேண்டும். மெல்லிய விளிம்பு தோய்ச்சலில் கோணிவிடும்.

முதற் கத்தியை, பத்து வயதிற் கண்டபடியே, தண்ணீரில் அமிழ்த்தினோம். சீறிற்று, ஆவி எழுந்தது, நெஞ்சு விம்மிற்று. மறுகணம் 'டிங்' என்று ஒரு மெல்லிய ஓசை. எடுத்துப் பார்த்தால் விளிம்பிலிருந்து முதுகுவரை ஒரு மயிரிழைப் பிளவு. தண்ணீர் இவ்விரும்பை மிகுந்த வேகத்தில் குளிரவைத்துவிடுகின்றது. அதைத் தாங்காமல் அது வெடிக்கின்றது. ஆறு வாரப் பிரயாசை ஒரு கணத்தில் போயிற்று.

நூல்களைப் புரட்டினோம். எண்ணெயில் தோய்க்கவேண்டும் என்றறிந்தோம். அடுக்களையிலிருந்த செம்பனை எண்ணெயைப் பானையில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டிற்குச் சற்று மேலாகச் சூடேற்றிக்கொண்டோம். (சிலர் பழைய இயந்திர எண்ணெயைப் பயன்படுத்துவர். அதன் புகை நஞ்சு; வேண்டாம்.) எவ்வளவு காய்ச்சுவது என்பதற்கும் ஓர் உபாயம் கிடைத்தது. ஏறத்தாழ 770 பாகைச் சூட்டில் இரும்பு காந்தத்தில் ஒட்டும் குணத்தை இழக்கின்றது; ஸ்பிரிங் இரும்பை அதற்குச் சற்று மேலே கொண்டுபோய் எடுக்கவேண்டும். இரண்டாம் கத்தியை வெயிலில் வைத்துக் காய்ச்சினோம். நிறம் போதாதென்று தோன்றவே மேலும் மேலும் காற்றை ஊதினோம். எண்ணெயில் தோய்த்து எடுத்து அரத்தை வைத்தால், கண்ணாடிமேல் வழுக்குவதுபோல் வழுக்கிற்று. கடினம் ஏறிவிட்டது! களிப்பில் அதை மேசை விளிம்பில் வைத்துவிட்டுச் சோறுண்ணப் போனோம். பதம் கொடுப்பதை மாலையிற் பார்த்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். பூனையோ காற்றோ, எதுவோ தட்டிவிட்டது. சிமிந்தித் தரையில் விழுந்து இரண்டு துண்டாயிற்று. துண்டின் முகத்தைப் பார்த்தால், சர்க்கரையைக் கொட்டி ஒட்டியதுபோல் பருக்கைப் பருக்கையாய் மின்னிற்று.

தாயார் அத்துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அவர் இன்னும் இருக்கிறாராம். கூலிம் பக்கத்திலே மகள் வீட்டிலே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

போவதா என்று இரண்டு வாரம் யோசித்தோம். வெட்கம் ஒருபுறம், பழைய சினம் ஒருபுறம். அந்தச் சினத்தை நாம் வெகு நாள் பேணி வளர்த்து வந்திருக்கின்றோம் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். மேடைகளில் ஜாதித் தொழில் என்னும் கொடுமையைப்பற்றிப் பேச வாய்க்கும்பொழுதெல்லாம், பட்டறை வாசலில் நின்ற சிறுவனை நாம் மறவாமல் எடுத்துக் காட்டுவோம். கைதட்டல் கிடைக்கும். அவரிடமே போய்க் கை கட்டி நிற்பதென்றால் அந்தப் பேச்சு என்னாவது?

அந்த இரண்டு வாரத்தில்தான் பாரடேயைப்பற்றிப் படித்தோம். மின்சாரத்தில் பெரும் கண்டுபிடிப்புகள் செய்த மைக்கேல் பாரடே 1791-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். தகப்பனாரின் தொழிலுக்குப் போகாமல், பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். அவரும் ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்வோரும் சேர்ந்து, தென்னிந்தியாவிலிருந்து போன உருக்கை ஆராய்ந்து 1820-ஆம் ஆண்டில் எழுதினார்கள். அதற்கு முன்பே 1795-இல் பியர்சன் என்பார் இலண்டன் ராயல் சங்கத்தில் அவ்வுருக்கைப்பற்றிக் கட்டுரை வாசித்திருந்தார். ஈரோட்டு மாவட்டத்துக் கொடுமணலில், நொய்யல் ஆற்றங்கரையில், இரும்பும் உருக்கும் காய்ச்சிய உலைகளின் அடையாளங்களை அகழ்ந்தெடுத்திருக்கின்றனர். இவ்வளவு தொன்மையும் பெருமையும் உடைய தொழில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், சீமை ஆலைகளின் மலிவான இரும்பு வந்து குவிந்ததாலும், கரிக்கு வேண்டிய காடுகளில் கட்டுப்பாடு வந்ததாலும் நசித்துப்போயிற்று. ஆனால் நசித்தபின் அதைத் திரும்ப எடுப்பது அரிதாயிருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டென்பது நமது அபிப்பிராயம். தகப்பன் மகனுக்குச் சொன்னான், எவரும் எழுதிவைக்கவில்லை, அண்டை வீட்டானுக்குச் சொல்லவுமில்லை. அங்கே புத்தகம் கட்டும் பையன் ஆராய்ந்ததை இங்கே செய்தவனே எழுதிவைத்திருக்கலாகாதா என்று நினைத்துச் சிறிது நேரம் கோபங்கொண்டோம். பிறகு, அதே கோபத்தோடு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் நாமும் அதையேதான் செய்கின்றோம் என்று பட்டது. மறுநாள் காரை எடுத்துக்கொண்டு கூலிம் போனோம்.

அவருக்கு இப்பொழுது 87 வயது. ஒரு கண் மங்கிவிட்டது, கை நடுங்குகின்றது. நம்மை அடையாளம் தெரியவில்லை. தாயாரின் பெயரையும் லயத்தையும் சொன்னபின், "ஓ, வாசலிலே நிற்குமே ஒரு பையன்" என்றார். உடைந்த துண்டுகளைக் கொடுத்தோம். கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஒருமுறை தட்டினார்.

"சூடு மிஞ்சிப் போச்சு தம்பி. சர்க்கரை தட்டியிருக்கு பாருங்க. வெயில்லே வச்சுக் காய்ச்சினீங்களா?"

ஆமென்றோம்.

"வெயில்லே நெருப்பு நிறம் தெரியுமா? அதுக்குத்தானே பட்டறையை இருட்டாவே வச்சிருந்தேன்."

நாம் சற்றுநேரம் பேச்சற்றிருந்தோம். அந்த இருட்டு, தொழிலை மறைப்பதற்காக வைத்த இருட்டு என்றே ஐம்பது ஆண்டுகளாக நம்பியிருந்தோம். மேடையில் அப்படிச் சொல்லியுமிருக்கின்றோம். தண்ணீரைப்பற்றிக் கேட்டோம். தண்ணீர்த் தொட்டி மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் என்றும், ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்திக்குத் தேங்காய் எண்ணெய் என்றும், அது மூலையில் ஒரு மண் சட்டியில் இருந்தது என்றும் சொன்னார். வாசலிலிருந்து அந்த மூலை தெரியாது.

"தோய்ச்சல் போட்டதும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வீர்களே, அதுவும் வெளிச்சத்துக்காகத்தானா?" என்று கேட்டோம்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "இல்லே தம்பி. அது உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான்" என்றார். பிறகு தாமாகவே சொன்னார்: "எங்க அப்பா அப்படித்தான் சொல்லி வச்சிருந்தார். என் பசங்க ரெண்டு பேரையும் பட்டறைக்குள்ளே வா வான்னு கூப்பிட்டேன். ஒருத்தனும் வரலே. பெரியவன் சிங்கப்பூர்லே கப்பல் பட்டறை. சின்னவன் லோரி ஓட்டுறான்."

இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை மாலை நமது வீட்டிற்கு வரமுடியுமா என்று கேட்டோம். மகளிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.

வந்தார். தாயார் நாற்காலியிலிருந்து எழுந்து, வாருங்கள் என்றார். தாமே தேநீர் கலந்து, டம்ளரை அவர் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு, உள்ளே போய்விடாமல் அங்கேயே நின்றார். அவர் டம்ளரைப் பார்த்தார், தாயாரைப் பார்த்தார். எடுத்துக் குடித்தார். "சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்றார். தாயார் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டார்.

மூன்றாம் கத்தியை முன்பே அரம் போட்டுத் தயாராக வைத்திருந்தோம். முதலில் மூன்று முறை காய்ச்சிக் காற்றில் ஆறவிடச் சொன்னார், ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில். அடித்த அடியில் இரும்பு கொண்ட கோபம் தணிவதற்கு என்பது அவர் விளக்கம். பருக்கை சிறுத்து நெருங்குவதற்கு என்று நூல்கள் கூறும். இரண்டும் ஒன்றே. விளக்கை அணைத்தோம். பொழுது சாய்ந்து கொட்டகை இருண்டிருந்தது. நெருப்பில் இரும்பின் நிறம் அப்பொழுதுதான் உண்மையாகத் தெரிந்தது. மங்கிய சிவப்பு, பிறகு செர்ரிப் பழச் சிவப்பு, அதனுள் ஒரு நிழல் ஊர்ந்து சென்று மறைந்தது. "அந்த நிழல் போச்சு பாருங்க, இப்ப எடுங்க" என்றார். காந்தத்தை வைத்துப் பார்த்தோம்; ஒட்டவில்லை. அவருக்குக் காந்தம் தேவைப்படவில்லை.

வாய்ப்பக்கத்தை மட்டும், இரண்டு விரல் அகலத்திற்கு, எண்ணெயில் இறக்கச் சொன்னார். முதுகு வெளியே செந்நிறமாகவே இருந்தது. அந்நிறம் கறுத்தபின் வெளியே எடுத்து, செங்கல் துண்டால் ஒரு பக்கத்தை விரைந்து தேய்த்துப் பளபளப்பாக்கச் சொன்னார். இதுதான் நாம் காணாத பாதி. முதுகில் தங்கியிருந்த சூடு விளிம்பை நோக்கி இறங்குகின்றது. பளபளத்த இரும்பின்மேல் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவருகின்றன: முதலில் வைக்கோல் மஞ்சள், அதன்பின் பழுப்பு, அதன்பின் ஊதா, அதன்பின் நீலம். சிறிய விளக்கொன்றை அருகே பிடித்துக்கொண்டு பார்த்தோம். மஞ்சள் விளிம்பைத் தொட்டுச் சற்றே பழுக்கத் தொடங்கியதும், "போடு!" என்று கத்தினார். முழுக் கத்தியையும் எண்ணெயில் போட்டோம். நீலம் வந்துவிட்டால் விளிம்பு மெத்தென்று ஆகிவிடும். மஞ்சள் வருமுன் போட்டால் உதிரும். முதுகு வளையும், வாய் வளையாது. எந்திர அடுப்பில் 200 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தும் பதம் கொடுக்கலாம் என்று நூல்களிற் படித்திருந்தோம்; ஆனால் கேக் சுடும் அடுப்பில் இரும்பை வைக்க மனைவியார் இசையவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கின்றோம்.

நமது பேத்திக்குப் பதினொரு வயது. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தாள். கொட்டகை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாம் அதைக் கவனிக்கவில்லை, பெரியவர்தான் கவனித்தார். நிறம் ஓடும் நேரத்தில், தாம் உட்கார்ந்திருந்த முக்காலியை இழுத்து ஒருபுறமாக நகர்ந்துகொண்டார். அவள் உள்ளே வந்து இடையில் நின்றாள். பிறகு அவள் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. ஏன் நீலம்? ஏன் எண்ணெய்? வேறு எண்ணெய் போட்டால்? பெரியவருக்குப் பாதிக்குமேல் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னார். நிறம் எதனால் வருகின்றது என்பதை மட்டும் நாம் சொன்னோம்: இரும்பின்மேல் படியும் துருப்படலம் மிக மெல்லியது, அது தடிக்கத் தடிக்க நிறம் மாறுகின்றது, தண்ணீர்மேல் மிதக்கும் எண்ணெயில் நிறங்கள் தெரிவதுபோல். அவருக்கும் அது புதிய செய்தியாயிருந்தது.

மறுநாள் அலகைப் பார்த்தால் சிறிது கோணியிருந்தது. முதுகு மெத்தென்று இருந்ததால் மரக்கட்டையில் வைத்து மெல்ல நிமிர்த்த முடிந்தது. பிடிக்கு, பக்கத்துத் தெருவில் வெட்டிப் போட்டிருந்த கொய்யாக் கிளை; நான்கு மாதம் நிழலில் உலர்ந்தது. இரண்டு பித்தளை ஆணி. தாயாரின் கையை ஒரு களிமண் உருண்டையில் அழுத்தச் சொல்லி, அந்தப் பள்ளங்களைப் பார்த்துப் பிடியைச் செதுக்கினோம். வீங்கிய கணுவுக்குத் தடித்த பிடியே நல்லது என்பது அப்பொழுது தெரிந்தது. கடைக் கத்திகளின் பிடி யாவும் அவருக்கு மெல்லியவை. தீட்டுவதை நாம் செய்யவில்லை. சாணைக்கல்லைத் தண்ணீரில் நனைத்துத் தாயாரே எடுத்துக்கொண்டார். பால் வெட்டுங் கத்தியை 31 ஆண்டுகள் தீட்டியவருக்கு நாம் என்ன சொல்லிக்கொடுப்பது? ஒருபுறம் பத்து, மறுபுறம் பத்து என்று எண்ணியெண்ணித் தீட்டினார். கட்டை விரல் நகத்தின்மேல் விளிம்பை வைத்துப் பார்த்தார், வழுக்கவில்லை, நின்றது.

பெரியவர் அதன்பின் இருமுறை வந்தார். கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்து, பிடி கனம் என்றும், மூக்குப் பக்கம் இன்னும் சற்று மெலிந்திருக்கலாம் என்றும், அரம் போட்ட கோடு நடுவில் வளைகின்றது என்றும் குறை சொன்னார். மூன்றும் உண்மை. அடுத்த கத்திக்கான பட்டையை அவரே ஒரு பழைய இரும்புக் கடையில் தெரிந்தெடுத்துக் கொடுத்திருக்கின்றார். பேத்தி டிசம்பர் விடுமுறைக்கு வரும்வரை அதைக் காய்ச்சக்கூடாது என்பது அவளது கட்டளை.

தாயார் முதலில் நறுக்கியது ஒரு மாங்காய். புளிப்புப் பட்டதும் அலகு கருநீலமாய்க் கறுத்துவிட்டது. பளபளப்பாக்கி வைத்திருந்த நமக்கு வருத்தமாயிருந்தது. மீண்டும் தேய்த்துத் தருவதாகச் சொன்னோம். "வேண்டாம். அதுவும் இப்படித்தான் கறுத்திருக்கும்" என்று சொல்லி, துணியால் ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவி, பழைய தாளில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார்.